களைக்கொல்லியின் பெயரை மாற்றினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று ஏக்கரில் ஆறு ஆண்டுகளாக நேரடி நெல் விதைப்புச் செய்கிறேன். இருபதாம் நாளில் பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பது வழக்கம். தொடக்கத்தில் வயல் சுத்தமாக இருந்தது. இரண்டு பருவங்களாகக் கோரை மட்டும் சாகவே இல்லை. அளவைக் கூட்டலாமா? இனி வரும் காலத்தில் களைக்கு என்னதான் வழி? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: அளவைக் கூட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீரை வடித்துவிட்டுத் தெளித்தீர்களா, களை முற்றுவதற்கு முன் தெளித்தீர்களா, தெளித்தவுடன் மழை பெய்ததா என்பவற்றைச் சரிபாருங்கள். எல்லாம் முறையாக இருந்தும், மற்றக் களைகள் மடிய, கோரை மட்டும் பச்சையாக நிற்குமானால், அந்த மருந்தைத் தாங்கும் கோரை தங்கள் வயலில் பெருகிவிட்டது என்று ஐயுற இடமுண்டு. சத்தீஸ்கர், கேரள நெல்வயல்களில் வட்டக்கோரை இதே மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது ஆய்வில் உறுதியாகியுள்ளது.

இது எப்படி நேர்கிறது? இலட்சக்கணக்கான செடிகளுள் மருந்தை இயல்பிலேயே தாங்கக்கூடிய ஒன்றிரண்டு இருக்கலாம். ஆண்டுதோறும் ஒரே மருந்தைத் தெளித்தால் மற்றவை மடிய, தப்பியவை மட்டும் விதை உதிர்க்கின்றன. சில பருவங்களில் மண்ணில் கிடப்பதெல்லாம் அவற்றின் வாரிசுகளாகிவிடுகின்றன. அரியானாவின் கோதுமை விவசாயிகள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. நெல்லும் கோதுமையும் மாறி மாறி, ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை நம்பிப் பயிர்செய்த அவர்களின் வயல்களில், 1990-களின் தொடக்கத்தில் குல்லி டண்டா என்னும் புல் அந்த மருந்துக்கு அடங்காமல் போயிற்று. பயிரையே கால்நடைத் தீவனமாக அறுத்தவர்களும் உண்டு. பின்னர் வந்த புதிய மருந்துகள் சிலவற்றையும் அந்தப் புல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாங்கத் தொடங்கியது.

எனவே மருந்தை மாற்றும்போது பெயரை அன்று, அது செடிக்குள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். பிஸ்பைரிபேக், பெனாக்சுலம், பைரசோசல்ஃபியூரான் எத்தில் மூன்றும் செடிக்குள் அமினோ அமிலங்களை உருவாக்கும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. ஒன்றைத் தாங்கும் கோரை மற்றொன்றையும் தாங்கக்கூடும். புட்டியின் வண்ணத்தைப் பார்த்து மாற்றுவதால் பயனில்லை என்பதை உழவர்களுக்கு யாரும் போதிய அளவில் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் வருத்தம். புழுதி விதைப்பானால் பெண்டிமெத்தலினும், சேற்று விதைப்பானால் நெற்பயிரைக் காக்கும் பொருள் சேர்ந்த பிரிடிலாகுளோரும் வேறு வழியில் வேலை செய்பவை. களை முளைக்குமுன் இடவேண்டிய இவற்றின் அளவையும் நாளையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1980-களுக்குப் பிறகு முற்றிலும் புதிய வழியில் வேலை செய்யும் களைக்கொல்லிகள் மிக அரிதாகவே வந்திருப்பதால், இருப்பவற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இவற்றோடு, விதைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே வயலை நனைத்து, மேல்மண்ணிலுள்ள களை விதைகளை முளைக்கவிட்டு, ஆழ உழாமல் மேலாகக் கிளறி அழித்தபின் விதையுங்கள். தப்பிய கோரையைப் பூக்குமுன் கையால் பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். மூன்று ஏக்கரில் அது இயலாத வேலை அன்று. ஆஸ்திரேலியாவில் அறுவடை இயந்திரத்திலேயே களை விதைகளை நொறுக்கும் பொறியைப் பொருத்துகிறார்கள். நம் வயல்களில் குதிரைவாலிப்புல் அறுவடைக்கு முன்பே பெரும்பாலும் உதிர்ந்துவிடுவதால் அந்தப் பொறி இங்கே அவ்வளவாக உதவாது. ஆனால் விதை மண்ணில் விழாமல் தடுப்பது என்ற அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும்.

கேள்வி: களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகங்கள் வந்துவிட்டனவாமே? அவை மரபணு மாற்றப்பட்டவையா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: 2021-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகிய இரண்டும் இமாசெதாபிர் என்ற களைக்கொல்லியைத் தாங்குபவை. வேற்று மரபணு எதுவும் இவற்றில் செலுத்தப்படவில்லை. நாகினா 22 நெல்லில் கிடைத்த திடீர்மாற்ற வகை ஒன்றின் பண்பு, வழக்கமான இனக்கலப்பின் மூலம் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தத் திடீர்மாற்ற வகையைக் கண்டறிந்தவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

ஆனால் இமாசெதாபிரும் மேலே சொன்ன, பிஸ்பைரிபேக் முடக்கும் அதே நொதியைத்தான் தாக்குகிறது; ஆகவே அந்த மருந்தைத் தாங்கும் களை இதையும் தாங்கக்கூடும். தவிர, களைநெல்லும் (வயலில் களையாக முளைக்கும் நெல்வகை) நெல்லும் ஒரே இனமாகையால் மகரந்தம் வழியே இந்தப் பண்பு களைநெல்லுக்குப் போய்விடும். 2002-இல் அமெரிக்காவிலும் 2010-இல் மலேசியாவிலும் இத்தகைய ரகங்களை வெளியிட்டபின் அதுவே நடந்தது. களைநெல் உள்ள வயலில் இவற்றைத் தொடர்ந்து பயிரிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: லேசர் கதிரால் களையெடுக்கும் இயந்திரம் நம் ஊருக்கும் வருமா? (ஒரு மாணவர், திண்டுக்கல்)

பதில்: கேமராவால் களையையும் பயிரையும் பிரித்தறிந்து, களையின் குருத்தை மட்டும் பொசுக்கும் இயந்திரங்கள் அமெரிக்காவின் வெங்காய, கேரட் வயல்களில் இயங்குகின்றன. அவற்றின் விலையும் அளவும் பெரும் பண்ணைகளுக்கானவை. நீர் தேங்கிய சேற்று வயல் அவற்றுக்கான களம் அன்று. தங்கள் பகுதியின் வெங்காயத் தோட்டங்களுக்கு, களையை மட்டும் கண்டு தெளிக்கும் சிறிய கருவிகளோ, வாடகைக்குக் கிடைக்கும் பொறிகளோ முதலில் வரலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பொறி வந்தாலும் அதற்குச் சீரான வரிசை வேண்டும். நெல்லுக்கும் அப்படியே, உருளை விதைப்பான் கொண்டு வரிசையாக விதைத்தவர்களால் வரிசைகளுக்கிடையே தள்ளிக் களையெடுக்கும் கோனோவீடரை இன்றே ஓட்ட முடிகிறது, கைவிதைப்பாகத் தூவியவர்களால் முடிவதில்லை.