நன்றி சொல்வதா, செய்வதா?

கேள்வி: கேக், புதுத்துணி, ஸ்டார் என்று வருஷா வருஷம் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 'எளிய நன்றியுணர்வு இருந்தால் அதுதான் உண்மையான கிறிஸ்துமஸ்' என்று எங்கள் சர்ச் ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். உங்கள் கருத்து?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: ஐயர் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் அந்த 'நன்றியுணர்வு' என்ற சொல்லோடு எனக்குப் பல வருஷமாக வழக்கு. நன்றியோடு இந்த 'உணர்வு' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? 'காலத்தினாற் செய்த நன்றி' என்கிறார் வள்ளுவர். அங்கே நன்றி என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற நன்மை. பெற்றுக்கொண்டவருக்கு உள்ள வேலை அதை அறிவது, மறக்காமல் இருப்பது. அதிகாரத்தின் பெயரே 'செய்ந்நன்றி அறிதல்'தானே!

நாம் அதை வாய்ப்பேச்சு ஆக்கிவிட்டோம். விழா முடிவில் வாசிக்கிற நன்றியுரையைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி. பந்தல் போட்டவருக்கு, நாற்காலி சுமந்தவருக்கு, பாத்திரம் கழுவின அம்மாவுக்குக் கிடையாது. இதே பக்கத்தில் முன்பு இதை எழுதினேன். விழா நடத்தும் அன்பர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அன்று ஒரு எவர்சில்வர் தட்டு வரும். நாலு முந்திரிக்கொத்து, மூன்று அச்சுமுறுக்கு, மேலே செய்தித்தாள் மூடியிருக்கும். அம்மா பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு கை சர்க்கரை அள்ளிப்போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். "வெறுந்தட்டு கொடுக்கப்படாதுடா." வாயைத் திறந்து 'நன்றி' என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் தட்டு அங்கே போகும். அதுவும் சர்க்கரையோடு திரும்பி வரும்.

கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு அதற்கு மறுநாளும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்த நாள். பண்டிகைக்கு வேளாங்கண்ணி வந்தவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. கடலூர் மாவட்டக் கடலோரத்தில் மீனவக் குப்பங்கள் அப்படியே போயின. அன்று பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். உயிர் தப்பி ஓடிவந்த மீனவ மக்களுக்குத் தங்க இடம் கொடுத்து, நாள் கணக்கில் சோறு போட்டார்கள். பிணங்களை எடுக்கவும் அவர்களே கை கொடுத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். யார் என்ன சாமி கும்பிடுகிறார் என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. காலத்தினாற் செய்த நன்றி என்றால் எனக்கு அதுதான்.

'சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்' பிள்ளையை மரியாள் முன்னணையிலே, அதாவது மாட்டுத் தொட்டியிலே, கிடத்தினாள் என்று பைபிளில் லூக்கா எழுதுகிறார். நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஓர் ஊரில் இடமில்லை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் பரங்கிப்பேட்டையை நினைத்துக்கொள்கிறேன்.

கேக் விலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, உங்கள் வசதிப்படி வாங்குங்கள். ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து ஆராதனைக்கு மணி அடிக்கிறாரே உங்கள் கோயில்குட்டியார், இந்த வருஷம் முதல் தட்டு அவர் வீட்டுக்குப் போகட்டும். ஆள் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சுமுறுக்கு உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.