மல்டிடூல் வாங்கும்போது கருவிகளை எண்ணாதீர்கள், கையில் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் வீடு, சிறுசேரியில் வேலை, தினமும் ஸ்கூட்டர். மாதத்துக்கு ஒரு தடவையாவது நண்பர்களோடு ஏலகிரி, ஜவ்வாது மலை, நாகலாபுரம் என்று கிளம்பிவிடுவோம். வீட்டுச் சில்லறை வேலைக்கும் மலைக்கும் சேர்த்து ஒரே ஒரு மல்டிடூல் வாங்கலாம் என்று பார்த்தால், ஆன்லைனில் ஒரு பக்கம் 400 ரூபாய்க்கு 21 கருவி என்கிறார்கள், இன்னொரு பக்கம் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. என் பட்ஜெட் நாலாயிரம். எதை வாங்குவது? நம்ம ஊர் உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்குமா?

பதில்: முதலில் அந்த 400 ரூபாய் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். 21 என்பது எப்படி வருகிறது தெரியுமா? மைனஸ் திருப்புளியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று. பிளேயரின் மூக்கு ஒன்று, அதன் நடுவில் இருக்கும் வளைந்த பல் ஒன்று, அடியில் வயர் வெட்டும் இடம் ஒன்று. அரத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் அது இரண்டு. பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் எண்ணுகின்றன. லெதர்மேன் வேவ் பிளஸ் என்ற மாடலுக்கு 18 கருவி என்று கணக்கு, அந்தப் பதினெட்டில் ஓரத்தில் கோடு போட்ட ஸ்கேலும் ஒன்று. அங்கே மிச்சம் இருப்பவை உருப்படியானவை என்பதுதான் வித்தியாசம். மலிவு ரகத்தில் பிளேயரின் இரண்டு தாடையும் நேராகச் சேராது, கொஞ்சம் பலம் கொடுத்து முறுக்கினால் திருப்புளியின் முனை திருகிக்கொள்ளும், அப்புறம் அது கைப்பிடிக்குள்ளேயே மடங்காது.

சரி, எதை வாங்குவது? சந்தையில் இருப்பதை எல்லாம் இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடலாம். ஒன்று, விரித்தால் நடுவில் பிளேயர் வருகிற வகை. அமெரிக்காக்காரர் டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் படுத்துகிறது, தங்கின ஓட்டல்களில் குழாய் ஒழுகுகிறது, பாக்கெட்டில் இருக்கிற மடக்குக் கத்தியில் பிளேயர் இல்லை. அந்தக் கடுப்பில் உருவானது 1983இல் விற்பனைக்கு வந்தது. இன்னொன்று சுவிஸ் கத்தி. 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது, சிப்பாய் டின்னைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கவும். அதனால்தான் அது பாக்கெட்டில் கிடக்கிற மாதிரி, பிளேயர் இல்லாமல் திருப்புளியோடு வந்தது. இரண்டுமே யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு நாள் கையில் இல்லாமல் போனதிலிருந்து பிறந்தவை. நீங்களும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்: போன மாதம் எதற்கெல்லாம் பக்கத்து வீட்டில் போய் நின்றீர்கள், எதற்கெல்லாம் பல்லால் கடித்தீர்கள்?

நான் பார்த்தவரை சென்னையில் ஒரு சராசரி வீட்டில் இதற்குப் பதில் கிட்டத்தட்ட ஒன்றேதான். கூரியரில் வந்த பெட்டியின் டேப், கேன் தண்ணீர் மூடியின் சீல், குக்கர் கைப்பிடியில் லூசான ஸ்க்ரூ, குழந்தையின் பொம்மையில் பேட்டரி மூடி, மூக்குக்கண்ணாடியின் பொடி ஸ்க்ரூ, சட்டையில் நூல். போர்த் தண்ணீர் வருகிற வீடென்றால் மாதம் ஒரு தடவை குழாய் முனையில் உப்பு அடைத்துக்கொள்ளும், அந்த வலையைக் கழற்ற வேண்டும். இதில் பிளேயர் கேட்கிற வேலை கடைசியாகச் சொன்னது மட்டும். மற்றதெல்லாம் கத்தி, கத்திரி, ஸ்டார் திருப்புளி. கத்திரியை யாரும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை, ஆனால் ஒரு வருஷம் கழித்து எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அதுதான் இருக்கும்.

அந்தக் குக்கர் கைப்பிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ கைப்பிடியின் பிளாஸ்டிக்குக்குள் குழியில் இருக்கிறது. பெரிய மல்டிடூலில் திருப்புளி நீளம் குறைவு, அதுவும் கைப்பிடியின் நடுவிலிருந்து வராமல் ஒரு ஓரத்திலிருந்து வருகிறது. உள்ளே விட்டால் முனை ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே மல்டிடூலின் உடம்பு குக்கர் பக்கத்தில் இடிக்கும். தொட்டாலும் கோணலாகத்தான் நிற்கும், திருகினால் ஸ்டார் மழுங்கிவிடும், மழுங்கின ஸ்க்ரூவை அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. சுவிட்ச் போர்டு ஸ்க்ரூவிலும் இதே கதை. சில மல்டிடூல்களில் ஸ்டார் முனை தட்டையாக, தகடு மாதிரி இருக்கும். சும்மா பார்த்தால் ஸ்டார்தான், ஆனால் ஸ்க்ரூவின் நாலு பள்ளத்தில் இரண்டைத்தான் பிடிக்கும். கடையில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஒரே கருவி என்கிற பிடிவாதத்தை விடுங்கள். பாக்கெட்டுக்குக் கத்திரியும் ஸ்டார் திருப்புளியும் இருக்கிற சுவிஸ் கத்தி ஒன்று. சுவிஸ் கத்தி செய்கிற விக்டோரினாக்ஸ் கம்பெனியில் சூப்பர் டிங்கர் என்ற மாடல் இதற்குச் சரியாக வரும்: 91 மில்லிமீட்டர் நீளம், பெரிய பிளேடு, சின்ன பிளேடு, கத்திரி, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், துளை போடும் ஊசி, முள் எடுக்கிற சிமிட்டா, முக்கியமாக மற்ற மாடல்களில் ஒயின் கார்க் எடுக்கிற சுருள் இருக்கும் இடத்தில் ஸ்டார் திருப்புளி. கிளைம்பர், ஹன்ட்ஸ்மேன் என்று பேர்போன மாடல்களில் அந்தச் சுருள்தான் இருக்கும், நம் வீடுகளில் அதற்கு என்ன வேலை? (ஒன்று இருக்கிறது. கண்ணாடி ஸ்க்ரூவுக்கான குட்டித் திருப்புளியை அந்தச் சுருளுக்குள் திருகி வைத்துக்கொள்ளலாம், தனியாக விற்கிறார்கள்.) விலை அவ்வப்போது ஏறி இறங்கும், உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் கைப்பிடிக்கு உறை போட்ட 6 அங்குல கட்டிங் பிளேயர் ஒன்றும், இரண்டு மூன்று ஸ்பானரும் வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள். பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் டபாரியா மாதிரி நம்மூர் பிராண்டே கிடைக்கும், பல வருஷம் உழைக்கும். ஸ்கூட்டருக்கு மல்டிடூல் உதவும் என்று நினைத்தால் அது நடக்காது. நட்டைப் பிளேயரால் பிடித்துத் திருகினால் மூலை மழுங்கும், மெக்கானிக்கிடம் போனால் முதலில் உங்களைத்தான் திட்டுவார்.

பிளேயர் உள்ள மல்டிடூல் யாருக்கு? நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர், மீன் பிடிக்கப் போகிறவர் (தூண்டில் முள்ளைப் பிடுங்க அதைவிட நல்லது இல்லை), கேமரா, சவுண்டு, மேடை வேலை செய்கிறவர். அவர்கள் தாராளமாகப் பத்தாயிரத்துக்கு மேல் போடலாம், பிழைப்புக்கு உதவும். ஆனால் வேவ் பிளஸ் 241 கிராம், கையில் இருக்கும் போனைவிடக் கனம். முதல் வாரம் பெருமையாகப் பெல்ட்டில் மாட்டுவார்கள், அடுத்த வாரம் பைக்குள் போகும், மூன்றாவது வாரம் மேஜை டிராயரில். கொஞ்சம் கனம் குறைந்தது வேண்டுமென்றால் ஸ்கெலிடூல் என்று ஒன்று இருக்கிறது, 142 கிராம், கருவி ஏழுதான், ஆனால் அதில் கத்திரி கிடையாது. நான் ஏன் கத்திரியையே பிடித்துத் தொங்குகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

எதை வாங்கினாலும் ஒரு விஷயம். மல்டிடூலின் கைப்பிடி வெறும் இரும்பு. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். மெயினை அணைக்காமல், டெஸ்டரில் பார்க்காமல் அதை வைத்து ஒரு வயரையும் தொடாதீர்கள். ‘வயர் உரிக்கும் கருவி’ என்று அட்டையில் போட்டிருப்பது கரண்ட் இல்லாத வயருக்கு.

இனி துரு. உங்கள் கேள்வியிலேயே இதுதான் சுவாரசியமானது, ஏனென்றால் கடைகளில் இதைப்பற்றி ஒரு தப்பான சோதனை பல காலமாக நடக்கிறது. காந்தத்தை ஒட்டவைத்துக் காட்டி, “பாருங்க சார், ஒட்டுது, இது ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ் இல்லை” என்பார்கள். எவர்சில்வர் டம்ளருக்கு அந்தச் சோதனை ஓரளவு செல்லும், கத்திக்குச் செல்லாது. நல்ல டம்ளரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது, லேசில் துருப்பிடிக்காது, ஆனால் அது மென்மையான உலோகம். அதில் கத்தி செய்தால் நாலு தக்காளி நறுக்குவதற்குள் மொட்டையாகிவிடும். கூர் நிற்க வேண்டுமென்றால் கார்பன் கூடவேண்டும், சூடாக்கிக் குளிரவைத்து இறுக்க வேண்டும். அப்படி இறுகுகிற எஃகு காந்தத்தில் ஒட்டத்தான் ஒட்டும். வேவ் பிளஸ்ஸில் போடுகிற 420ஹெச்சி என்ற எஃகில் குரோமியம் சுமார் 13 சதவீதம். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 10.5 சதவீதம் வேண்டும், ஆக அது அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது; போதாததற்கு அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பனும் இழுத்து வைத்துக்கொள்கிறது. குரோமியம் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் போட்டுத்தான் துருவைத் தடுக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஓட்டை போடும். அதனால்தான் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் விலை உயர்ந்த கத்தியில்கூட முழுசாகத் துரு பிடிக்காமல், ஊசி குத்தினாற்போலப் பழுப்புப் புள்ளி புள்ளியாக வரும். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அந்த எஃகின் குணம் அது.

என்ன செய்யலாம்? கோவளம் போனாலோ, வியர்வையில் ஊறினாலோ, எலுமிச்சை அல்லது மாங்காய் நறுக்கினாலோ அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் எல்லா மடிப்பையும் திறந்து கழுவி, துணியால் துடைத்து, விரித்தபடியே ஃபேன் காற்றில் வையுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பழம் நறுக்குகிற பிளேடு என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, வாசனையும் கிடையாது. நல்லெண்ணெய் போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகி மூட்டு இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது அதைவிட மோசம், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கூர் போனால் தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை அருமையான கை, ஆனால் இந்த மெல்லிய பிளேடு அந்தச் சக்கரத்தில் சூடேறி ஓரம் நீலம் பாய்ந்தால் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் கூர் நிற்காது. மெல்லிய சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு நீங்களே தேய்த்துக்கொள்ளலாம்.

கடையில் கையில் வாங்கியதும் பிளேயர் இருந்தால் அதன் மூக்கை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நுனி சேர வேண்டும். பிளேடை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. கத்திரியால் மெல்லிய பாலிதீன் கவரின் ஓரத்தை வெட்டுங்கள். மொட்டைக் கத்திரி அதை வெட்டாமல் மடித்து உள்ளே இழுக்கும். கெட்டியான காகிதத்தை எந்தக் கத்திரியும் வெட்டும், அதில் ஒன்றும் தெரியாது. பல் பல்லாக இருக்கும் பிளேடு மட்டும் உள்ளது வேண்டாம், வீட்டில் தீட்டுவது கஷ்டம். பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ பெரிய பிராண்டு பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். லெதர்மேனுக்கு 25 வருஷ உத்தரவாதம், விக்டோரினாக்ஸுக்குத் தயாரிப்புக் குறைக்கு ஆயுள் முழுக்க. போலிக்கு இரண்டும் கிடையாது.

மலைக்குப் போவதற்கு நீங்கள் ரம்பம் இருக்கிறதா என்று தேடுவீர்கள் என்று தெரியும். தேவையில்லை. நீங்கள் சொன்ன மாதிரி இடங்களில் பாதை பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் போகிறது, அங்கே கிளை வெட்டுவது குற்றம், விறகு போட்டுத் தீ மூட்டுவதும் கூடாது. உண்மையில் அங்கே கை போவது காலில் ஏறின முள்ளை எடுக்கச் சிமிட்டாவுக்கும், ஷூ அடிப்பாகம் பிய்ந்தால் கயிறு வெட்டக் கத்திரிக்கும்தான். கூடவே கெட்டியாக ஒட்டுகிற துணி டேப்பை ஒரு பழைய ஏடிஎம் கார்டில் கொஞ்சம் சுற்றி எடுத்துப் போங்கள், எந்தக் கருவியையும்விட அது அதிகம் உதவும். இன்னொன்று, இந்த அளவு சுவிஸ் கத்தியில் பிளேடு விரித்ததும் பூட்டிக்கொள்ளாது, ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கும். அறுங்கள், குத்தாதீர்கள். ஈரக்கையோடு இளநீரில் ஓட்டை போடப் போனால் பிளேடு உங்கள் விரல் மேலேயே மடங்கும்.

மெட்ரோவில் போகிற நாளில் மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ஸ்கேனரில் கத்தி தெரிந்தால் நிறுத்துவார்கள். பெரிய மால்களிலும் பையைப் பார்ப்பார்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டிக்குள்தான். மீனம்பாக்கத்தில் பாதுகாப்பு வரிசையில் நிற்கும்போதுதான் சாவிக்கொத்தில் மாட்டின குட்டிக் கத்தி ஞாபகம் வரும், அதனால் சாவிக்கொத்தில் மாட்டவே மாட்டாதீர்கள்.