தப்பிய பூனைக்குக் கூண்டு: கதவில் கவனம் வையுங்கள்

கேள்வி: வீட்டுக்குள்ளேயே வளர்ந்த எங்கள் பூனை நான்கு நாட்களுக்கு முன் வெளியே ஓடிவிட்டது. பக்கத்து அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது. கிட்டே போனால் பாய்ந்து ஓடுகிறது. பெருச்சாளிக் கூண்டு வைத்தோம், தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உறுதியான கூண்டு நாங்களே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் துரத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். மிரண்ட பூனை பழகிய குரலுக்கும் வராது. விரட்டினால் இருக்கும் இடத்தையும் மாற்றிவிடும், அப்புறம் தேடுவது பெரும்பாடு.

பெருச்சாளிக் கூண்டு பூனைக்குக் குட்டை. உடம்பு முழுக்க உள்ளே போகாமல் கதவு விழுந்தால் வால் நசுங்கும். நீளம் 75 செ.மீ., அகலம் 30, உயரம் 35 இருக்கட்டும். அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், சட்டத்துக்கு ரீப்பர் கட்டை, சுற்றிலும் வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை). கொசுவலைக் கம்பி வேண்டாம், நகத்திலேயே கிழித்துவிடும். மெஷ்ஷைச் சட்டத்தின் உட்பக்கம் வைத்து அடியுங்கள். பூனை முட்டும்போது மெஷ் கட்டையோடு அழுந்துமே தவிர, ஆணி பிடுங்கிக்கொள்ளாது. வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள்.

பெரும்பாலான கூண்டுகள் தோற்பது கதவில்தான். மாட்டிய பூனை முதலில் செய்வது, கதவின் அடியில் மூக்கையும் நகத்தையும் விட்டு மேலே நெம்புவது. வெறும் எடையால் மூடி நிற்கும் கதவு இதற்குத் தாங்காது. இரண்டு பக்கமும் அலுமினிய சேனல் வைத்து, அதில் பலகைக் கதவு வழுக்கி விழட்டும். விழுந்ததும் அதன் மேல்விளிம்பைத் தாண்டி வந்து தடுக்கும்படி, வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டை ஒன்றைச் சட்டத்தில் திருகுங்கள். கதவின் அடிவிளிம்பில் ரப்பர் ஒட்டுங்கள்.

மிதித்தால் மூடும் பலகையைவிட, கதவுக்கு முட்டுக்கொடுத்த குச்சியைத் தள்ளி நின்று கயிற்றால் இழுத்து மூடுவதையே நான் சொல்வேன். தெருப்பூனையோ கீரியோ நுழைந்தால் சும்மா விட்டுவிடலாம். கீரி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடைத்து வைக்கக் கூடாது. கயிறு பிடிக்க ஆள் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்தபடி கட்டிவையுங்கள்.

இரண்டு நாள் கதவைக் கட்டியே வைத்து, உள்ளே தினமும் சாப்பாடு வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அதற்குத் தனியாகச் சோறு வைக்காமல் இருப்பது முக்கியம், பசி இருந்தால்தான் உள்ளே வரும். வறுத்த மத்தியோ நெத்திலிக் கருவாடோ கடைசி மூலையில் இருக்கட்டும். எறும்பு வந்தால் எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், அதிலிருக்கும் மருந்து பூனைக்கு விஷம். மூன்றாம் நாள் இரவு, நடமாட்டம் அடங்கியதும், வால் உள்ளே போகும்வரை பொறுத்துக் கயிற்றை இழுங்கள்.

மூடியதும் தடித்த போர்வையால் கூண்டை முழுசாக மூடுங்கள், இருட்டில் பூனை அடங்கும். வழியில் கையை உள்ளே விடவே வேண்டாம். ஜன்னல், கதவு சாத்திய அறைக்குள் வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட வாய்ப்பு உண்டு. அதனால் பிடித்த பிறகும் சாப்பிட மறுத்தால், ஒரு நாளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.