மதர்போர்ட் மாற்றினால் லைசென்ஸ் போகுமா?

கல்முனைக் கடையில் பில் போடும் கொம்பியூட்டருக்கு மதர்போர்ட் மாற்றியதும் விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கிறது, மூன்று கிளையிலும் எந்த மெஷினுக்கு என்ன லைசென்ஸ் என்றே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தியவர் ஏமாற்றிவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். கொம்பியூட்டரோடு சேர்ந்து வரும் ஓஈஎம் லைசென்ஸ் முதல் மதர்போர்டோடு கட்டுண்டது. தனியாக வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸ் என்றால் வேறு மெஷினுக்கு மாற்றலாம். ஆகவே உங்களுடையது எந்த வகை என்று பார்க்க முதலில் பழைய பில்லைத் தேடுங்கள்.

புதிதாக வாங்குமுன் ஒன்று: விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழைய மெஷினில் காசைக் கொட்டாதீர்கள்.

பட்டியலுக்கு ஒரு எக்செல் தாள் போதும்: மெஷின் எண், கிளை, சீரியல், வாங்கிய திகதி, லைசென்ஸ் வகை, முடியும் திகதி. எண்ணை மெஷினிலேயே மார்க்கரால் எழுதுங்கள். ஸ்டிக்கர் நம்மூர் வெக்கையில் கழன்றுவிடும்.

அப்புறம் ஈமெயில். ஆரையம்பதியில் எங்கள் கடையின் ஒஃபிஸ் சந்தா, முன்பு வேலை செய்த தம்பியின் சொந்த ஜிமெயிலில் கிடந்தது. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கும் நாளில் ஓடீபி அவருடைய போனுக்கே போனது. இரவு வேலை முடித்துத் தூங்கியவர் எழும்பும்வரை ஸ்டொக் தாளில் ஒரு வரிகூடத் திருத்த முடியவில்லை. கடைப் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.