எடோராஸில் ஒன்றுமே இல்லை – கடிதம்

வணக்கம்.

உங்கள் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் நியூசிலாந்துக்குத் தனியாகக் கிளம்பினேன். சுற்றுலாக் குழு எதுவும் இல்லை. வாடகைக் காரில் தெற்குத் தீவிலிருந்து வடக்கே வந்துகொண்டிருக்கிறேன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில் வந்த இடங்களைப் பார்ப்பதுதான் நோக்கம். நேற்று மவுண்ட் சண்டே போனேன், எடோராஸ் நகரமாக வந்த குன்று. ஜல்லிச் சாலையில் அவ்வளவு தூரம் ஓட்டிப்போய் மேலே ஏறினால் அரண்மனையின் ஒரு கட்டைகூட இல்லை. புல்லும் காற்றும்தான். ஏமாந்ததுபோல் இருந்தது. பேசாமல் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் ஊராக வந்த ஹாபிட்டனுக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கலாமோ? அடுத்து டோங்கரிரோ போகிறேன். படத்தில் மவுண்ட் டூம் என்ற எரிமலையாக வந்த மலையின் உச்சிவரை ஏற ஆசை. ஏறலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அரண்மனை, வாசல், வீடுகள் எல்லாவற்றையும் அந்தப் பாறைக் குன்றின் மேல் உண்மையிலேயே கட்டினார்கள். மாதக்கணக்கில் வேலை நடந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் மொத்தமாகப் பிரித்து எடுத்துப்போய்விட்டார்கள். சரி, மேலே நின்று சுற்றிலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்களா? ரங்கிடாட்டா ஆறு நூறு கிளையாகப் பிரிந்து பின்னிக்கொண்டு ஓடும் அகலமான பள்ளத்தாக்கு, அதற்கு அந்தப்பக்கம் பனி மூடிய தெற்கு ஆல்ப்ஸ். இவற்றைப் பிரித்து யாரும் லாரியில் ஏற்றவில்லை. படத்தில் நீங்கள் வாய்பிளந்து பார்த்ததில் பாதி இதுதான்.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை சொல்வார்கள். சுற்றுவட்டார ஆட்டுப் பண்ணைகளின் எல்லையைக் குதிரையில் சுற்றிக் காவல் பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற இடமாம், அதனால் சண்டே. படத்தில் எடோராஸ் குதிரைவீரர்களின் தலைநகர். அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தது தற்செயலாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்த தற்செயல்.

காற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் போனபோது கார்க் கதவைத் திறந்த நொடியில் காற்று அதை முன்பக்கமாக மடக்கிவிட்டது. அந்தச் சேதத்துக்குக் காப்பீடு செல்லாது என்றார்கள் காரைக் கொடுத்தவர்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால் பொடி எழுத்தில் இருக்கிறது. அடுத்த மூன்று நாள் ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. அந்த நாட்டில் காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துங்கள், கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திறங்கள்.

ஹாபிட்டன் விஷயத்துக்கு வருகிறேன். மட்டமட்டாவுக்குப் பக்கத்தில் 1,250 ஏக்கர் ஆட்டுப் பண்ணை அது. 1998-இல் விமானத்திலிருந்து இடம் தேடியபோது கண்ணில் பட்டது. மறுவருடம் ராணுவத்தின் உதவியோடு சாலை போட்டு ஊரை அமைத்தார்கள். முதல் மூன்று படங்கள் முடிந்து அதையும் பிரிக்கத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது, வேலை பாதியில் நின்றது. வெள்ளை ஒட்டுப்பலகை முகப்போடு 17 ஹாபிட் வளை வீடுகள் மிச்சம். கதவு இல்லை, தோட்டம் இல்லை. அந்தப் பலகைகளைப் பார்க்கத்தான் முதலில் ஜனங்கள் வந்தார்கள்! இன்று நீங்கள் பார்க்கப்போவது, ‘ஹாபிட்’ படங்களுக்காக 2009 முதல் நிரந்தரமாக நிற்கும்படி மறுபடி கட்டியது. பில்போ என்ற ஹாபிட்டின் வீட்டுக்கு மேலே நிற்கும் ஓக் மரம்கூடச் செயற்கை, இலைகள் தைவானிலிருந்து வந்தவை. வாசல்கள் ஒரே அளவில் இருக்காது. மந்திரவாதி காண்டால்ஃப் உயரமாகத் தெரியவேண்டுமானால் சின்ன வாசலுக்கு முன்னால் நிறுத்தவேண்டுமே. அழகான இடம்தான், போய்வாருங்கள். ஆனால் வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போகமுடியும், நினைத்த இடத்தில் உட்கார முடியாது. மவுண்ட் சண்டேயில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், படத்தில் வரும் ‘இடம்’ என்பதே பெரும்பாலும் ஒட்டுப்போட்டது. கதாநாயக ஹாபிட் ஃப்ரோடோவைக் குதிரையில் தூக்கிக்கொண்டு ஆர்வென் என்ற பெண் கடக்கும் ஆற்றுத்துறை நினைவிருக்கிறதா? ஒரு பகுதி ஆரோடவுன் ஊரை ஒட்டி ஓடும் ஆரோ ஆற்றில் எடுத்தது. மற்றது ஸ்கிப்பர்ஸ் கேன்யனில், வேறொரு பள்ளத்தாக்கில். (ஸ்கிப்பர்ஸ் சாலையில் வாடகைக் காரை ஓட்ட அனேகமாக யாரும் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தைப் பாருங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.) ஆரோ ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு படத்தை மனதில் ஓட்டிப்பார்த்தேன். பொருந்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டு ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். படத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, வேறெதற்கும் போயிருக்கமாட்டாத இடங்களுக்குப் போய்ச் சேர்கிறோம். எனக்கு அந்தச் சாக்கு போதும்.

தெற்குத் தீவிலிருந்து வந்து வெலிங்டனில் கப்பலை விட்டு இறங்கியதும் மவுண்ட் விக்டோரியாவுக்கு நடந்தே போகலாம். கறுப்புக் குதிரைக்காரனுக்குப் பயந்து ஹாபிட்டுகள் ஒளிந்த காடு நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது, கட்டணமும் இல்லை.

மவுண்ட் டூம். அதன் சொந்தப் பெயர் ஙௌருஹோய். அரிச்சுவடியோடு ஓய்வு பெற்றுவிட்ட நம் ‘ங’வுக்கு ஒரு எரிமலை வேலை கொடுத்திருக்கிறது பாருங்கள். உச்சிக்கு ஏறவேண்டாம் என்பதுதான் என் பதில். டோங்கரிரோ, ஙௌருஹோய், ருவாபெஹு மூன்றின் சிகரங்களும் அங்குள்ள மாவோரி மக்களுக்குப் புனிதமானவை. அவர்களுடைய தலைவர் தே ஹெயுஹெயு 1887-இல் அந்தச் சிகரங்களை நாட்டுக்குக் கொடுத்தார், தேசியப் பூங்கா அதிலிருந்து உருவானதுதான். ஏறினால் தண்டனை என்று சட்டம் இல்லை. ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். படக்குழுவும் ஙௌருஹோய் உச்சியில் படமெடுக்கவில்லை, மலைச்சரிவுக் காட்சிகளைப் பக்கத்து ருவாபெஹுவில் எடுத்தார்கள். அதனால் உச்சிக்குப் போனாலும் ஃப்ரோடோ நின்ற இடத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை.

அதற்குப் பதில் டோங்கரிரோ ஆல்பைன் கிராசிங் நடங்கள். சுமார் 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம், மலையின் காலடி வழியாகவே போகும் பாதை. தொடங்கும் இடம் வேறு, முடியும் இடம் வேறு. கோடையில் தொடக்க இடத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்தவும் முடியாது. அதனால் காரை முடியும் பக்கம் விட்டுவிட்டு காலையில் ஷட்டில் வண்டியில் தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். கோடையானாலும் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, மவுண்ட் டூம் உட்பட. அப்படி ஆனால் ‘அங்கேயும் ஒன்றுமில்லை’ என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.