வாசகர் கேள்வி–பதில்: அந்தச் சாலை ஓட்டுநரிடம் என்ன சொன்னது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் சாலை இரண்டு கிலோமீட்டர் நேராக வந்து சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. பழைய சாலையின் புளியமரங்களும் மின்கம்பங்களும் மட்டும் நேராகவே போகின்றன. ராத்திரியில் வண்டிகள் திரும்பாமல் வயலுக்குள் இறங்கிவிடுகின்றன. வழக்கில் ஒவ்வொரு முறையும் ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்றே எழுதுகிறார்கள். தப்பு முழுக்க ஓட்டுநர் மேலா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ‘அஜாக்கிரதை’ என்பது வழக்குப் பதிவதற்கான சொல். விபத்து ஏன் நடந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது. ‘விபத்துகளில் 94 சதவீதம் ஓட்டுநர் தவறு’ என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அது 2015-இல் வந்த ஓர் அமெரிக்க அரசு அறிக்கையின் எண். விபத்துக்கு முந்தைய சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் இந்த எண் குறிக்கிறது, இதைக் காரணமாகவோ குற்றமாகவோ கொள்ளக்கூடாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

விபத்து நடந்த அதே நேரத்தில், அதே திசையில் போய்ப் பாருங்கள். வளைவுக்கு 200, 150, 100, 50 மீட்டர் முன்பாக ஓரத்தில் பத்திரமாக நின்று, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்துப் படம் எடுங்கள். கார் ஓட்டுபவரின் கண் மட்டம் அதுதான். அந்தப் படங்களை வெளியூர்க்காரர் ஒருவரிடம் காட்டி, “சாலை எந்தப் பக்கம் போகிறது?” என்று மட்டும் கேளுங்கள். 50 மீட்டர் படம் வரை அவர் “நேராக” என்றால், புளியமர வரிசை அவரை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

கணக்கும் அதையே சொல்லும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று நம் சாலை வடிவமைப்பு விதிகளே வைத்திருக்கின்றன. அதற்குள் 55 மீட்டர் போய்விடும். வளைவு 60 மீட்டரில்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது என்றால், கால் பிரேக்கைத் தொடும்போதே வண்டி வளைவில் இருக்கும். எதிர்பாராத மாற்றத்துக்கு ஓட்டுநரைத் தயார்செய்ய 4 முதல் 6 நொடி வேண்டும் என்பது உலகச் சாலைச் சங்கமான பியார்க்கின் வழிகாட்டுதல். 6 நொடி என்றால் இதே வேகத்தில் 133 மீட்டர்.

இனி ஓட்டுநர் பக்கம் வருவோம். தெரியாமல் செய்யும் பிழை வேறு, தெரிந்தே செய்யும் மீறல் வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் மருந்து தவறிவிடும். வயலில் இறங்கிய வண்டிகளின் பதிவெண்களைப் பாருங்கள். பெரும்பாலும் வெளியூர் வண்டி, இரவு நேரம் என்றால் சாலை ஏமாற்றுகிறது. உள்ளூர் இளைஞர்கள், மாலை நேரம் என்றால் மீறலைச் சந்தேகிக்கலாம். பிரேக் போட்டதில் டயர் தரையில் தேய்ந்த தடம் வளைவுக்கு உள்ளேதான் தொடங்குகிறதா? தாமதமாகப் பார்த்திருக்கிறார். தடமே இல்லையா? பார்க்கவே இல்லை, அல்லது கண் அயர்ந்திருக்கிறார். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் தடம் தெளிவாக விழாது, அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.)

உங்கள் வளைவுக்கு முதல் தேவை, வெளிப்புற ஓரத்தில் ஒளிரும் அம்புக்குறிப் பலகைகள். எங்கிருந்து பார்த்தாலும் குறைந்தது இரண்டு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கூடவே மரவரிசை நேராகத் தெரியும் இடைவெளியைப் புதர்ச்செடி வைத்து அடைத்துவிட வேண்டும். ‘பிளாக் ஸ்பாட் (விபத்து அதிகம் நடக்கும் இடம்) பட்டியலில் இல்லை’ என்று நெடுஞ்சாலை அலுவலகத்தில் உங்களைத் திருப்பி அனுப்பலாம். தேசிய நெடுஞ்சாலையில் அந்தப் பட்டியலில் சேர, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் வேண்டும். அதுவரை காத்திருப்பது கொடுமை. படங்களை வைத்து இப்போதே மனுக் கொடுங்கள்.

கேள்வி: ரேடார் கருவி இல்லாமல் எங்கள் பள்ளி முன் வண்டிகளின் வேகத்தை அளக்க முடியுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முடியும். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மாடியிலிருந்து இரண்டும் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்து, முன்சக்கரம் ஒவ்வொரு கோட்டையும் தொடும் நேரத்தைக் குறியுங்கள். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும்: 3 நொடி என்றால் 60, 2.25 நொடி என்றால் 80. ஸ்டாப்வாட்ச் வேண்டாம்; விரல் 0.2 நொடி பிசகினாலே 80 என்பது 88 ஆகிவிடும்.

முன்னால் வேறு வண்டி இல்லாமல் தன் போக்கில் வருபவற்றை மட்டும், 100 எண்ணிக்கை எடுங்கள். ஓரத்தில் கூட்டமாக நிற்காதீர்கள், பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைவிலிருந்து வரிசைப்படுத்தி 85-ஆவது வண்டியைப் பாருங்கள். பலகையில் 40, அந்த வண்டி 65 என்றால் நாலைந்து பேரின் திமிர் அல்ல அது. அகலமான சாலை எல்லோரையும் 65-க்கு அழைக்கிறது. அங்கே அபராதத்தைவிட, வண்டி ஓடும் அகலத்தைக் குறுக்கி நடுவில் நின்று கடக்கும் திட்டு வைப்பதுதான் பலன் தரும். 85-ஆவது வண்டி 42, ஆனால் கடைசி மூன்று வண்டி 80 என்றால் போலீஸ் வேண்டும்.

கேள்வி: தெரு முனையில் நாங்களே வேகத்தடை போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கரூர்

பதில்: கூடாது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கானது. ஓரடி அகலத்தில் ஜல்லியும் தாரும் குவித்த மேடு, வெள்ளைப் பட்டையும் இல்லாமல் இருட்டில் கிடந்தால், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் தூக்கி எறியப்படுவார்.

கேள்வி: என் கணவர் பார்சல் லாரி ஓட்டுகிறார். விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது என்கிறார். ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தால் போதுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: போதாது, அம்மா. இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ஏற்படும் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவுக்கு நிகர். நம் சட்ட வரம்பு 0.03. கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, வண்டி ஓரக்கோட்டை ஏறி ஏறித் திரும்புகிறது என்றால் அந்த இடத்திலேயே ஒதுக்க வேண்டிய நிலை. பங்க்கிலோ லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்திலோ நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்கச் சொல்லுங்கள். காபி வேலைசெய்ய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் சாவியைத் திருகாமல், முகம் கழுவிப் பத்து நிமிடம் நடக்கட்டும். இதெல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வேலை பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் முன் அரை மணி ஓய்வு என்பதும் அதில் இருந்தது. சரக்கு எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அந்த நேரத்தில் இந்த ஓய்வுக்கு இடம் இருக்கிறதா என்று கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.