மூடுபனியும் ட்ரேசிங் பேப்பரும்

அன்புள்ள ஐயா,

நான் அனிமேஷன் இரண்டாம் ஆண்டு மாணவி. யூரி நார்ஷ்டெய்னின் ‘மூடுபனியில் முள்ளெலி’ (1975) படத்தை வகுப்பில் பார்த்ததிலிருந்து அந்தப் பனி மனதை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். கேரக்டருக்கு மேல் வெள்ளை லேயர் போட்டு, ஒபாசிட்டியைக் (அடர்த்தியை) குறைத்து, பிளர் (மங்கல்) ஏற்றினேன். பாலித்தீன் தாளைப் போர்த்தியதுபோல் வந்தது. கண்ணாடியில் கட்-அவுட் (வெட்டியெடுத்த காகித உருவம்) வைத்து எடுத்தபோதோ ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் துடித்தது. என் முகம் வேறு கண்ணாடியில் தெரிந்தது. எங்கே தவறுகிறேன்? 3டி வேலைக்குப் போகவிருக்கும் எனக்கு இந்தப் பழைய முறையால் பயன் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

நிச்சயம் உண்டு. உங்கள் வெள்ளை லேயர் படம் முழுவதையும் ஒரே அளவில் மறைக்கிறது. போர்வை போலத் தெரிவது அதனால்தான். நார்ஷ்டெய்ன் மெல்லிய ட்ரேசிங் பேப்பரைக் காட்சியின் மேல் வைத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கேமராவை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்தினார். அந்தப் பனி அப்படி வந்ததுதான்.

ஒரு புத்தகப் பக்கத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்துப் பாருங்கள். ஒட்டிக் கிடக்கும்போது எழுத்தைப் படித்துவிடலாம். ஓரிரு மில்லிமீட்டர் தூக்கினால் சுழிகளும் புள்ளிகளும் கரையும். இன்னும் தூக்கினால் வரிகள் சாம்பல் பட்டைகளாகும், பிறகு வெறும் வெண்மை. தாள் ஒளியைச் சிதறடிக்கிறது. இடைவெளி கூடக் கூட, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பெரிய வட்டமாகப் பரவுகிறது. அதனால் நுணுக்கம் முதலில் போகும். பெரிய வடிவம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். முள்ளெலி என்றால் முட்கள் முதலில், உருண்டை உடல் கடைசியில். தோல்பாவைக்கூத்தில் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடு துல்லியமாக விழும், விலக்கினால் கலங்கும். ஒளியின் வழி அங்கே வேறு என்றாலும், விலகும் தூரத்துக்கேற்ப மங்கல் என்ற கணக்கு ஒன்றுதான்.

வீட்டில் செய்ய, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கண்ணாடித் தட்டுகள் போதும். 5 மி.மீ. தடிமன், தட்டுக்குத் தட்டு 10 செ.மீ. இடைவெளி, கேமரா மேலிருந்து நேர் கீழே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியும் சுமார் 8 சதவீதம் ஒளியைத் தின்னும். சாதாரணக் கண்ணாடி கொஞ்சம் பச்சையும் ஏற்றும். எனவே அடித்தட்டுக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள்.

தாளை உயர்த்துவதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கையால் தூக்கினால் நடுங்கும். மெல்லிய தாளை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கமாக ஒட்டி, நான்கு மூலையிலும் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டைக் காலாக வையுங்கள். சாதாரண எம்6 மரையில் ஒரு முழுச் சுற்றுக்குச் சட்டம் 1 மி.மீ. ஏறும். போல்ட் தலையில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் நான்கையும் சமமாகத் திருப்பலாம். விநாடிக்கு 24 ஃப்ரேமில், எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் 2 ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 4 விநாடிக்கு 48 படம். முதல் 12 படத்துக்குக் கால் சுற்று, மீதி 36 படத்துக்கு அரைச் சுற்று: மொத்தம் 21 மி.மீ. தொடக்கத்தில் அவசரப்படக் கூடாது. முதல் 3 மி.மீ.க்குள்ளேயே மெல்லிய கோடுகள் போய்விடும். அங்கே வேகமாகத் தூக்கினால் ஃபோகஸ் பிசகியதுபோல் இருக்கும், பனி என்ற எண்ணமே வராது.

பொம்மையை (உங்கள் கட்-அவுட்டை) நகர்த்த ஒவ்வொரு முறையும் சட்டத்தை எடுக்க வேண்டியிருக்கும். போல்ட் முனைகள் உட்கார, குழி போட்ட சிறு மரத்துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். தாள் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் அதன் இழை திரையில் கொதிப்பதுபோல் துடிக்கும்.

விளக்கு இரண்டு வகை வேண்டும். ஒன்று தாளுக்குக் கீழே, பொம்மைக்கு மட்டும். மற்றொன்று பக்கவாட்டில் தாழ்வாக, தாளின் மேற்பரப்பை உரசிப் போகும்படி. மங்கலைத் தாளின் உயரமும் வெண்மையை இந்த இரண்டாவது விளக்கும் தீர்மானிக்கின்றன. இரண்டும் தனித்தனியாக உங்கள் கையில் இருப்பதுதான் இந்த முறையின் அழகு.

துடிப்புக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை அரை விநாடியில் வைத்தால் அது சமன்பட்டுவிடும். அதற்குப் பிறகும் துடித்தால் குற்றவாளி லென்ஸ்: டிஜிட்டல் கேமராவின் ஆட்டோ லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) புதிதாக மூடுகிறது, ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக அதே அளவுக்கு மூடாது. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸை அடாப்டருடன் மாட்டினால் தீரும். ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். முகம் தெரியாமலிருக்கக் கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவின் முன் மாட்டுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கட்-அவுட்டின் வெட்டு விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால், அதே நிற மார்க்கரை ஓரத்தில் இழுத்தால் போதும்.

இதை ஒருமுறை செய்த பிறகு 3டியில் உங்கள் கை வேறு மாதிரி வேலை செய்யும். வெள்ளை லேயரை எடுத்துவிடுங்கள். டெப்த் பாஸை (ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் சாம்பல் நிறப் படம்) வைத்து, தூரத்துக்கேற்ப பிளர் அளவு வளரட்டும். அதே டெப்த் பாஸைக் கொண்டு படத்தின் கறுப்புப் பகுதிகளைப் பனியின் நிறத்தை நோக்கி வெளிறச் செய்யுங்கள். தாளில் போலவே பிளர் முந்தட்டும், வெண்மை பிந்தட்டும். டெப்த் பாஸ் 8 பிட்டில் இருந்தால் பனி பட்டை பட்டையாக உடையும். 32 பிட் ஃப்ளோட்டில் ரெண்டர் செய்யுங்கள்.

முதல் சோதனைக்குக் கேரக்டர் வேண்டாம். ஒரு காய்ந்த கிளை, அதில் இரண்டு இலை, 48 படம். எடுத்ததும் கிளிப்பை அனுப்புங்கள். எத்தனையாவது படத்தில் இலை நரம்பு மறைகிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.